கையில் கொடுத்தவன்

கனடாவின் ஒஷாவாவில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பன் மனைவியைப் பிரிந்து ஒரு வருடம் கடந்திருந்தது. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், விவாகரத்து வழக்கின் பத்திரங்கள் அடங்கிய உறையை என்னிடம் நீட்டினான்.

"நான் குடுக்கக் கூடாதாம். பதினெட்டு வயது தாண்டின வேறை ஆரும் அவளின்ரை கையிலை குடுக்கலாமாம்."

இதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்களே என்றேன். முன்பின் தெரியாதவர் போனால் அவள் கதவைத் திறக்கமாட்டாள், உனக்கென்றால் திறப்பாள் என்றான். அந்தச் சொல்லிலேயே நான் மறுத்திருக்கவேண்டும். மாறாக, என்னை நம்பிக் கேட்கிறானே என்று உள்ளூரப் பெருமைப்பட்டேன்.

சனிக்கிழமை காலை டோர்செட் பார்க் பகுதியில் அவளுடைய அடுக்குமாடிக்குப் போனேன். வாசல் ஒலிபெருக்கியில் என் குரல் கேட்டதுமே மேலிருந்தபடியே கீழ்க்கதவைத் திறந்துவிட்டாள். "வாங்கோ அண்ணை" என்று, கதிரையில் கிடந்த உடுப்புகளை அள்ளியெடுத்து இடம் தந்தாள். என் மனைவியின் முழங்கால் வலியை விசாரித்தாள். உறை ஜாக்கெட்டுக்குள் இருந்தது. தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பாதி குடித்திருப்பேன், எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அவர் கதைக்கச் சொல்லி விட்டவரோ?"

நான் சமாதானம் பேச வந்திருக்கிறேன் என்று அவ்வளவு நேரமும் நினைத்திருக்கிறாள். உறையை எடுத்து நீட்டினேன். பிரித்தாள். முதல் பக்கத்தில் தன் பெயரைக் கண்டதும் மடித்து வைத்தாள்.

"இதை வாசல்லையே தந்திருக்கலாமே அண்ணை" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

அடுத்த வாரம், பத்திரத்தைக் கையளித்ததற்கான சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைக்கப் போனேன். ஆளை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. பதினொரு வருடப் பழக்கம் என்று எழுதினேன்.

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. நண்பனின் மனைவியே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே என் மனைவி கேட்டாள். சட்டப்படி அவன் கொடுக்க முடியாது, வேறு யாரென்றாலும் கொடுக்கலாம், அதுதான் போனேன் என்று விளக்கினேன்.

"ஆரெண்டாலும் குடுக்கலாமெண்டா, நீங்கள் ஏன் போனனீங்கள்?"

மன்னிப்புக் கேட்க நண்பனின் மனைவியை இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்தேன். அவள் எடுக்கவில்லை. என் மனைவி மட்டும் ஞாயிறுகளில் அங்கே போய்வருகிறாள். நான் அவளைக் கீழே இறக்கிவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன்.