முட்லூருக்கு அடுத்து

சிதம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் கீபோர்டு வாசிக்கப் போயிருந்தேன். சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் பெயரை நான் கேட்கவே இல்லை. நல்ல ஆகிருதி, மணிக்கட்டில் கறுப்பு டேப் உருளையை வளையல்போல் மாட்டியிருந்தார்.

மைக்கைச் சோதிக்க எல்லோரும் "ஒன், டூ, த்ரீ" என்பார்கள். இவரோ கடலூர்–சிதம்பரம் பஸ் கண்டக்டர்போல் வழியிலுள்ள ஊர்களைக் கூவினார்: "ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர்!" மண்டபமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"சிதம்பரத்த உட்டுட்டீங்களேண்ணே?" என்றேன்.

"அது அப்பறமா வரும் தம்பி" என்று என் காதில் இயர்போனைச் செருகினார். பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்தே வாசித்துப் பழகிய நான் அதைக் கழற்றப் போனேன்.

"பயப்படாதீங்க. நீங்க வாசிக்கறது தெளிவா கேக்கும். நான் பேசினா ஒங்களுக்கு மட்டுந்தான் கேக்கும்."

ஒவ்வொரு சுரமும் அவ்வளவு துல்லியமாகக் கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டின் நடுவில் தனியாக வாசிக்கத் தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. பாடகி மைக்கோடு காத்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

அப்போது காதுக்குள் அந்தக் குரல்: "சிதம்பரம் வந்துடுச்சு, எறங்குங்க!"

சிரித்துக்கொண்டே இறங்கினேன். பாடகி ஏறிக்கொண்டார்.

இப்போதும் சில மேடைகளில், அந்தக் குரல் வருமா என்று வேண்டுமென்றே கொஞ்சம் நீட்டி வாசித்துப் பார்க்கிறேன்.