விற்காமல் போனவர்

நெருப்பெரிச்சலில் உள்ள எங்கள் லேத் பட்டறைக்கு அவர் ஒரே ஒருமுறைதான் வந்தார். பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. மெலிந்த உடல், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எதைத் தொட்டாலும் உடனே கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது.

நாங்கள் கடைந்து கொடுக்கும் துணி சுற்றும் உருளைகள் அளவு பிசகுவதாகச் சொல்லி, பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனிகள் விலகிக்கொண்டிருந்தன. லேத்தில் டிஜிட்டல் அளவுமீட்டர் பொருத்தினால் ஆர்டர்கள் திரும்பிவிடும் என்று அப்பா நம்பினார். அதை விற்பவர்தான் அவர்.

அவர் பெட்டியைத் திறக்கவில்லை. லேத்தின் ‘பெட்டு’ எனப்படும் இரும்புப் படுகையை, உருளையைக் கவ்விப் பிடிக்கும் சக்கு வரைக்கும், நகத்தால் நீள வருடிப் பார்த்தார்.

“வேண்டாங்க. சக்குப் பக்கம் பெட்டு தேஞ்சு குழிஞ்சிருக்குதுங்க.”

“அதுக்குத்தானுங்க மீட்டர் வெக்கறது,” என்றார் அப்பா.

“குழியில உளி எறங்குனாலும் மீட்டர் ஒரே அளவைத்தானுங்க காட்டும். உருளை ஒரு முனையில பருத்துத்தான் வரும்.”

“பெட்டைச் சரி பண்ண முடியாதுங்களா?”

“அந்தச் செலவுக்கு வேற லேத்தே வாங்கிரலாங்க.”

எங்களால் இரண்டும் முடியாது.

“ஏனுங்க, விக்க வந்தீங்களா, எழவு கேக்க வந்தீங்களா?” என்றார் அப்பா.

“விக்கத்தானுங்க வந்தேன்,” என்று விரல்களைத் துடைத்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

அடுத்த வாரமே அப்பா வேறொருவரிடம் மீட்டர் வாங்கிப் பொருத்தினார். எண்கள் பச்சையாக, தெளிவாக ஒளிர்கின்றன. உருளைகளை முன்போலவே கம்பெனிகள் திருப்பி அனுப்புகின்றன. அந்த ஆளின் கருநாக்குதான் காரணம் என்கிறார் அப்பா.

வந்தவர் சொன்னதை நம்பியிருந்தாலும் எங்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆயினும், மெய்யைச் சொன்ன அம்மனிதருக்கு அன்று நாங்கள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது என்னை உறுத்துகிறது.