டிராக்டர் நன்றாக ஓடுகிறது

என் கணவர் மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருஷம் படுத்திருந்தார். அந்த ஒன்றரை வருஷமும் வாரத்துக்கு ஒரு கார்டு தவறாமல் வந்தது. எல்லாமே டிராக்டரைப் பற்றித்தான். 'இந்த வாரம் எஞ்சின் ஆயில் மாற்றவும். சூடாக இருக்கும்போதே வடிக்கவும். ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழுவவும். முன் சக்கரத்துக்கு கிரீஸ் அடிக்கவும். நான் நலம்.' அவ்வளவுதான். கட்டின பெண்டாட்டி மலைமேல் ஒண்டியாகக் கிடக்கிறாளே, சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று ஒரு வார்த்தை இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தபால்காரர் வேறு வழியிலேயே படித்துவிட்டு வந்து, இந்த வாரம் கிரீஸாம் என்று சொல்லித்தான் கார்டை நீட்டுவார். நானும் வீம்புக்கு அதே மாதிரிதான் பதில் எழுதினேன். 'ஆயில் மாற்றியாச்சு. கிரீஸ் அடித்தாச்சு. டிராக்டர் நன்றாக ஓடுகிறது.' அதற்கு மேல் ஒரு எழுத்து எழுதுவதில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. செண்பகனூருக்குக் கீழே, பஸ் ரோட்டிலிருந்து அரை மைல் இறங்கினால் எங்கள் நிலம். படிப்படியாக ஏழு தட்டு. ஒவ்வொரு தட்டும் அகலம் கம்மி, பெரிய டிராக்டர் இறங்கினால் திரும்ப முடியாது. பேரிக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் ஊருக்கே போனபோது கொடுத்துவிட்டுப் போன சின்ன டிராக்டர் எங்களுடையது. சாம்பல் நிறம், பெட்ரோலில் ஓடுவது. பக்கத்தில் நின்றால் அதன் மூக்கு எனக்கு இடுப்புக்குத்தான் வரும். அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் இரண்டு வாரம் இருமிக்கொண்டே எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். ஹாண்டில் போட்டுச் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் திருப்பி அடிக்கையில் விரல் முறிந்துவிடும் என்று பத்துத் தடவை சொல்லியிருப்பார். அந்த அக்கறையைக் கார்டில் காட்டினால் என்ன என்று பின்னால் பல நாள் நினைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை டிராக்டர் சோலி. கொட்டகையில் சாக்கை விரித்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் நுழைவேன். பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினால்தான் ஆயில் இளகும். மலைக் குளிரில் ஆறிப்போன ஆயில் பாகு மாதிரி நின்றுகொண்டு இறங்கவே இறங்காது. அடித் திருகைக் கழற்றியதும் கறுப்பாகச் சட்டியில் விழும். அது கடைசிச் சொட்டு வடிகிறவரை எனக்கு வேலை இல்லை. சாக்கில் மல்லாந்து கிடப்பேன். மேலே ரோட்டில் பஸ் கியர் மாற்றிக்கொண்டு ஏறும். நம்மைப் பார்க்க யாரும் அதில் வரவில்லை என்பது தெரிந்தும், நிற்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். நிற்காது. எழுந்து புது ஆயில் ஊற்றிவிட்டு, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பேன். டிராக்டரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். திட்டிக்கொண்டிருந்தேன். அவரைத் திட்ட வேண்டியதையும் சேர்த்து அதுதான் வாங்கிக்கட்டிக்கொண்டது.

அந்த வருஷம் புரட்டாசியில் பாலசமுத்திரத்திலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, வத்தலக்குண்டு வழியாக ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் ஆடி வந்தவர், ஏழு தட்டையும் நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"தீபாவளிக்குள்ள பூண்டு ஊன்றிட்டன்னா இரும்மா, நான் ஒண்ணும் சொல்லல. இல்லன்னா நிலத்த யாருக்காவது விட்டுட்டு நம்ம வீட்டுக்கு வந்துரு. பொம்பளப் புள்ள தனியா எத்தன நாளைக்கு?"

நம்ம வீடு என்று அவர் சொன்ன வீட்டுக்கு நான் ஏற்கெனவே ஒரு தடவை போய் நாலு நாள் இருந்திருக்கிறேன். என் தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான் படுத்த பாயை, நான் கிளம்பும் முன்பே வெயிலில் போட்டார்கள். நோய் எனக்கில்லை, என் கணவருக்குத்தான் என்று எத்தனை தடவை சொல்வது? அந்தத் தம்ளரில் மறுபடி காப்பி குடிப்பதைவிட மலையில் விறைத்துச் சாகலாம் என்றிருந்தது. அதோடு, அவர் திரும்பி வந்தால் வருவதற்கு ஒரு வீடு வேண்டுமே. தீபாவளிக்குள் ஊன்றிவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு ஏழு தட்டையும் உழுதாக வேண்டும். உழ டிராக்டர் ஓட வேண்டும்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. வண்டிக்குப் பொட்டு வைப்பது எங்கள் வீட்டில் எப்போதும் அவர் வேலை. நான் அடுப்படியில் சுண்டல் கிளறிக்கொண்டிருப்பேன், மணிச் சத்தம் கேட்டதும் வந்து கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அந்த வருஷம் நானே எல்லாம். வெந்நீரில் டிராக்டரைத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். மூக்கில் திருநீற்றுப் பட்டை போட்டேன். ஒரு காரியம் குறையாகச் செய்து அவர் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்கிற பயத்தில் சந்தனத்தைக் கெட்டியாக அரைத்து, வட்டமாகக் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் அப்பினேன். இரண்டு விளக்கு, நாலு சக்கரத்துக் குடம், ரேடியேட்டர் மூடி, பெட்ரோல் டாங்கி மூடி. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நானே ஏறி ஓட்டி நசுக்கினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று வெள்ளனே கலப்பையை மாட்டி முதல் தட்டில் இறங்கினேன். இரண்டு சால் ஓடியிருக்கும். எஞ்சின் இரண்டு தடவை திக்கி, நின்றுபோனது. பெட்ரோல் தீர்ந்திருக்குமோ என்று மூடியைத் திறந்து பார்த்தேன். நிறைய இருந்தது. மூடிவிட்டு ஹாண்டில் போட்டேன், கிளம்பியது. பத்து நிமிஷம், மறுபடி நின்றது. மறுபடி மூடியைத் திறந்து பார்த்து, மூடி, சுற்றினேன். மறுபடி ஓடி, மறுபடி நின்றது. சாயங்காலத்துக்குள் கால் தட்டுகூட உழவில்லை. தோள்பட்டை கழன்று கையில் வந்துவிடும் போலிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்யாத வைத்தியம் இல்லை. அவர் அந்த ஒரு வருஷத்தில் எழுதிய கார்டுகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகச் செய்தேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தேன். டாங்கிக்கு அடியில் இருக்கும் கண்ணாடிக் குமிழைக் கழற்றித் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். கார்புரேட்டரைப் பிரித்து, ஊசி விடாதே, வாயால் ஊது என்று அவர் எழுதியிருந்தபடி ஊதினேன். மூன்று நாள் சோற்றில் பெட்ரோல் ருசி. ஏர் கிளீனர், மின்சாரக் கம்பி, எதையும் விடவில்லை. எல்லாம் சுத்தமாக இருந்தது. எல்லாம் முடித்துக் கிளப்பினால் ஓடும், பத்து நிமிஷத்தில் நிற்கும். வண்டியை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

அவருக்கு எழுதவில்லை. எழுதினால் படுத்த இடத்தில் கவலைப்பட்டே காய்ச்சலை ஏற்றிக்கொள்வார். தபால்காரர் வாயில் விழுந்தால் அது பாலசமுத்திரம் வரை போகும். அதனால் வழக்கம்போல 'டிராக்டர் நன்றாக ஓடுகிறது' என்றே எழுதினேன். அந்த நாட்களில் அவரிடமிருந்து வந்த இரண்டு கார்டும் வழக்கத்தைவிடச் சின்னது. ஒன்றில் 'பிளக் பார்க்கவும். நான் நலம்', இன்னொன்றில் 'பேன் பெல்ட் பார்க்கவும். நான் நலம்.' நான் இங்கே கிடந்து அல்லாடுகிறேன், இவருக்கு நாலு வரி எழுதக்கூடச் சோம்பல் என்று ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பிளக்கை மறுபடி கழற்றிப் பார்த்தேன், பெல்ட்டையும் இழுத்துக் கட்டினேன். ஒன்றும் மாறவில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. மூன்றாவது தட்டில் வண்டி நின்றுவிட்டது. பகல் இரண்டு மணிக்கே மஞ்சு இறங்கி, கைக்கெட்டும் தூரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. சீட்டில் உட்கார்ந்து அழுதேன். அழ வேண்டும் என்று நினைத்து அழுததில்லை அது. தம்ளரை நினைத்தேன், வந்துவிட்டது. அழுது ஓய்ந்த பிறகு, பழக்கத்தில் பெட்ரோல் மூடியைத் திறந்தேன். காற்றும் இல்லை, ஒரு குருவிச் சத்தமும் இல்லை. அதனால் அன்றுதான் என் காதில் விழுந்தது. மூடியைத் தளர்த்தியதும் டாங்கி 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கத்தில் குண்டூசித் தலை அளவு ஒரு துளை. வெளிப்பக்கத்தில் அந்தத் துளைக்கு நேர் மேலே, என் கையால் வைத்த சந்தனம், காய்ந்து காரை போல இறுகி, நடுவில் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க மேலே காற்று போக வேண்டும், அதற்குத்தான் அந்தத் துளை. அதை அடைத்துவிட்டால் எஞ்சின் பத்து நிமிஷம் குடித்துவிட்டு, பிறகு எதுவும் இறங்காமல் நின்றுவிடும். நான் ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கத் திறந்ததுதான் அதை மறுபடி ஓட வைத்திருக்கிறது. கொண்டை ஊசியால் சந்தனத்தைக் குத்திச் சுரண்டினேன். ஹாண்டில் போட்டேன். அன்று இருட்டும்வரை அது நிற்கவே இல்லை.

சிரிப்பு வந்தது பாருங்கள். மஞ்சுக்குள் ஒருத்தி டிராக்டர்மேல் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் பேய் என்றுதான் ஓடியிருப்பார்கள். சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. இதைச் சொல்லிச் சிரிக்க உலகத்தில் எனக்கு இருந்தது ஒரே ஆள். அவரிடமோ வண்டி நன்றாக ஓடுகிறது என்று எழுதித் தொலைத்தாயிற்று. அந்த வருஷத்திலேயே எனக்கு நடந்த ஒரே வேடிக்கையை நானே வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அவர் போன நாளிலிருந்து அவ்வளவு தனிமையாக நான் உணர்ந்ததில்லை.

ஒரு வாரத்தில் ஏழு தட்டையும் உழுதேன். நாலு பெண்களைக் கூட்டிவந்து பூண்டு ஊன்றினேன். தீபாவளிக்கு முந்தின நாள் அவருடைய அண்ணன் வந்தபோது நாலாவது தட்டில் ஊன்றிக்கொண்டிருந்தோம். மிச்சம் மூன்றும் அன்று சாயங்காலத்துக்குள் முடிந்தது. இட்லி சாப்பிட்டார், ஒரு தடவை இறங்கிப் பார்த்தார், சரிம்மா இரு என்று சொல்லிவிட்டுப் போனார். மார்கழியும் தையும் பனி விழும் மாதங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்தால் எஞ்சின் வெடித்துவிடும் என்று தினமும் சாயங்காலம் ரேடியேட்டரை வடித்துவிட்டு, காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுவேன். பேச்சுக்கு ஆள் இல்லாமல் போனால் குரல்கூடக் கரகரப்பாகிவிடும் என்பது அந்தக் குளிரில்தான் தெரிந்தது.

வைகாசியில் அவர் வந்தார். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. கொட்டகைக்குப் போய் வண்டியைப் பார்ப்பார், ஆயிலைத் தொட்டுப் பார்ப்பார், சபாஷ் என்பார் என்று காத்திருந்தேன். பத்து நாள் ஆகியும் அந்தப் பக்கமே போகவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம் நானே சந்தனக் கதையைச் சொன்னேன். ஒன்பது நாள் வண்டி சரியாக ஓடவில்லை, உங்களுக்குப் பொய்தான் எழுதினேன் என்றேன். சிரித்தார், சிரித்து இருமினார், இருமி முடித்துச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எப்ப நடந்துச்சு இது?"

"ஐப்பசியில."

என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஐப்பசியில எனக்கு ரத்தமா வந்துச்சு புள்ள. பேனாவப் பிடிக்க முடியல. அந்த ரெண்டு கார்டும் பக்கத்துக் கட்டில்காரரு எழுதுனது. வந்துருன்னு எழுத மனசு வரல. கையெழுத்தப் பாத்தாலே நீ பஸ் ஏறிருவன்னு நெனச்சு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, அந்த இரண்டு கார்டையும் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். அவர் எழுத்து உருண்டை உருண்டையாக நிற்கும். இது முழுக்க வலது பக்கம் சாய்ந்து, கம்பி கம்பியாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இரண்டும் வேறு கை என்று சொல்லிவிடுவார்கள். அதில் 'பிளக்' என்கிற சொல்லுக்கு அடியில் நான் பென்சிலால் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன்.