பதினோரு அடி தள்ளி ஒரு நாற்காலி

மெர்சியின் அப்பா பீட்டர், தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அம்மா கிரேஸுக்குப் பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. மகள் சென்னையில் எம்.ஏ. மானுடப் புவியியல் சேர்ந்ததும், அது என்ன படிப்பு என்று காலனியில் கேட்காதவர் இல்லை. பீட்டர் சளைக்காமல், "மனுசன் எங்கெங்க, எப்டி குந்திக்கினு கீறான்னு படிக்கிறது" என்று விளக்குவார். பாடத்திட்டத்தில் இருந்த விளக்கத்தைவிட இது தெளிவு.

இரண்டாம் வருடம் ஆய்வேடு. தொழிற்பேட்டை வந்தபின் விவசாயக் கூலிகள் என்ன ஆனார்கள் என்று தன் ஊரைப் பற்றியே எழுத விரும்பினாள் மெர்சி. பேராசிரியை நந்தினி இதமாகத்தான் மறுத்தார். "நீ அந்த ஊர்ப் பொண்ணு. நடுநிலை வராதும்மா. ஆய்வாளருக்கு ஒரு தூரம் வேணும்."

தலைப்பு அவள் வகுப்பிலேயே படிக்கும் அடையாற்று ரம்யாவுக்குப் போனது. தேர்வாய்க்குப் பக்கத்து டவுனான கும்மிடிப்பூண்டியின் பெயரையே அவள் மின்சார ரயிலின் நெற்றியில் மட்டுமே பார்த்திருந்தாள். அந்தத் தூரம் போதுமானதாகக் கருதப்பட்டது. மெர்சிக்குக் கடம்பத்தூர்ப் பக்கத்து நெல் விவசாயிகள்.

ரம்யா நல்ல பெண். மெர்சி வீட்டிலேயே இரண்டு நாள் தங்கி, கிரேஸ் வைத்த கோழிக் குழம்பை விரலைச் சப்பிச் சாப்பிட்டாள். பிறகு படிவத்தை விரித்து, "விவசாயத்தை ஏன் கைவிட்டீங்க அங்கிள்?" என்றாள்.

பீட்டர் யோசித்தார். "கையில இருந்தாதான வுடறதுக்கு? நெலம் அவங்குளுது, மாடு அவங்குளுது. வெயிலு மட்டும்தான் எங்குளுது."

படிவத்தில் வறட்சி, குறைந்த கூலி, நிலம் கையகப்படுத்தல், மற்றவை என நான்கு கட்டங்கள். ரம்யா மெர்சியைப் பார்த்தாள். "மற்றவைல போடு" என்றாள் மெர்சி.

அடுத்த வாரம் மெர்சி கடம்பத்தூர்ப் பக்கம் போனாள். முதல் வீடு ஆறு ஏக்கர் நெல் போடும் ராஜமாணிக்கத்தினுடையது. கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா, எந்த ஊரு?" என்றார்.

"தேர்வாய் பக்கம்ங்க."

"ஊருக்குள்ளியா, காலனியா?"

"காலனிங்க."

அவர் மனைவி கெங்கம்மாள் உள்ளிருந்து வந்தார். "உள்ள புழுக்கமா கீதும்மா. வெளிய காத்தாட குந்து" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்குக் கொண்டுபோய், மாட்டுக் கொட்டகை ஓரமாகப் போட்டார். காபி காகிதக் கப்பில் வந்தது. ராஜமாணிக்கம் கூடத்திலிருந்தபடியே உரக்கப் பதில் சொன்னார். நடுவில் வந்த வங்கி அதிகாரியை அதே புழுக்கத்தில் உட்காரவைத்து, எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார்கள்.

மெர்சி தன் கையிலிருந்த காகிதக் கப்பைப் பார்த்தாள். எழுந்து போய்விடலாம்தான். இன்னும் இருபத்திரண்டு கேள்விகள் இருந்தன. கேட்டு முடித்து, நன்றி சொல்லி, கிளம்பும்போது வாசற்படிவரை அடி எடுத்து அளந்தாள். நோட்டில் எழுதினாள்: நாற்காலி, பதினோரு அடி.

போன பதினான்கு வீடுகளிலும் அப்படியே அளந்தாள். யாருக்கு எங்கே இருக்கை என்று வீட்டுக்கு வீடு வரைபடம் போட்டாள்: இன்சூரன்ஸ் ஏஜெண்டு, டிராக்டர் மெக்கானிக், நடவாள், கடைசியில் ஆய்வாளர். நந்தினிக்குப் பிரமாதமாகப் பிடித்துவிட்டது. "இவ்வளவு நுட்பமான தகவல் எப்படிக் கிடைச்சுது?"

"அவங்களே குடுத்தாங்க மேடம்."

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். "ஆய்வுக்கு உட்பட்டவங்ககிட்ட இருந்து தேவையான தூரத்தை எப்படிக் கடைப்பிடிச்சீங்க?"

"அதையும் அவங்களே பாத்துக்கிட்டாங்க சார்."

அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். நந்தினி மட்டும் நிமிரவில்லை. வரைபடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரம்யா முதலிடம், மெர்சி இரண்டாமிடம். ரம்யாவின் ஆய்வேட்டு நன்றியுரையில் 'களத்தில் உதவிய உள்ளூர்ப் பெண்' என்று ஒரு வரி. மெர்சி அதை வாசித்துக் காட்டியதும் கிரேஸ் கோபப்பட்டார். "கோயிக் கொழம்பு வெச்சவ நானு. என் பேரு எங்க?"

மெர்சிக்கு இப்போது எளாவூர் சோதனைச் சாவடி அருகே ஆறு மாத ஒப்பந்த வேலை. நெடுஞ்சாலைப் போக்குவரத்துக் கணக்கெடுப்பு. லாரிக்கு எத்தனை அச்சு என்று எழுதினால் போதும். ஓட்டுகிறவருக்குப் படிவத்தில் இடமில்லை. அதனால் அவள் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறாள்: நெல்லூர்க்காரர், வீடு விட்டு ஒன்பது நாள்; கட்டாக்காரர், பத்தொன்பது நாள்.

மேற்பார்வையாளர் பாக்கியராஜ் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். "இன்னாமா இது, பேஜாரு? லாரிய எண்ணச் சொன்னா ஆள எண்ணிக்கினு கீற?"

"அதுதான் சார் படிச்சேன்" என்றாள் மெர்சி. நெல்லூர்ப் பதிவெண்ணோடு அடுத்த லாரி வந்து நின்றது.