புகைக்குள் பின்தொடர்ந்த லாரி

போகி அன்று விடிகாலை, டயாலிசிஸுக்காக என் கணவரைப் பழைய காரில் ஏற்றிக்கொண்டு எண்ணூரிலிருந்து கிளம்பினேன். சாலையெங்கும் புகை. ஒரு கன்டெய்னர் லாரி, இரண்டு இண்டிகேட்டரும் மின்ன, எங்களை விடாமல் தொடர்ந்தது. பயந்துபோய், டோல்கேட் வரை எங்கும் நிறுத்தாமல் ஓட்டினேன்.

டோல்கேட்டில் நான் நிறுத்தியதும் அந்த டிரைவர் இறங்கி வந்தார்.

"பின்னாடி ஒரு லைட்டும் எரியலக்கா. இந்தப் பொகையில எவனாச்சும் இட்சிட்டா இன்னா ஆவறது? அதான் பின்னாலேயே வந்துகினு இருந்தேன்."

நான் நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்.

அன்று மாலையே பல்பு வாங்கினேன். "மெக்கானிக் வரட்டுமே" என்றார் கணவர்.

"இல்லங்க, இத நானே கத்துக்கணும்."

ஹோல்டரின் துருவைச் சுரண்டி, பல்புகளை மாட்டினேன். அவர் பிரேக்கை மிதிக்க, இரண்டும் சிவப்பாக எரிந்தன.

இப்போதெல்லாம் விளக்கில்லாத வண்டி முன்னால் போனால், நான் முந்துவதில்லை. பின்னாலேயே போகிறேன்.