உதயத்துக்கு ஒரு நாற்காலி

கன்னியாகுமரி லாட்ஜ் ஒன்றில் எனக்கு வேலை. சூரிய உதயம் பார்க்க வந்தவர்களை விடியும் முன் கதவைத் தட்டி எழுப்பிவிட்டு, மொட்டைமாடி அடுப்பில் காயும் வெந்நீரை அறை அறையாகச் சுமக்க வேண்டும்.

அன்று மாடியில் காத்திருந்த ஒரு குடும்பம் அறிவியல் கேள்வி கேட்டு விளையாடிக்கொண்டிருந்தது. வாளி தூக்கிய என்னையும் அந்த அம்மா விடவில்லை.

“சூரியன் தினமும் சரியா கிழக்குலதான் உதிக்குமாக்கா?”

“கெழக்கதான். வேற எங்க போவும்?”

“வருஷத்துல ரெண்டு நாள்தான் சரியா கிழக்கு. தினமும் பார்க்கிறீங்களே, தெரியாதா?”

“எங்க பாக்க? அந்நேரம் வெந்நி சுமக்கணுமே.”

அவர் வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தன் நாற்காலியை எனக்குத் தந்தார். சூரியன் வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள்.

உதயம் எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால், இன்றும் எனக்கு அந்த நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது.