முதல் முட்டை வரட்டும்

காப்பீட்டு அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கலாம். தையல்காரம்மாவின் தலையெழுத்து, அவளுடைய கணவருக்குத் தற்சார்பு வாழ்க்கையின் மேல் ஆசை வந்துவிட்டது. காலையில் போனில் ஒரு வீடியோ பார்ப்பார். மாலையில் அதையே தெருவுக்குப் பாடம் நடத்துவார். அவர் காய்ச்சிய சோப்பில் குளித்து அவருக்கே தோல் உரிந்தது. அவர் வெட்டிய உரக்குழியில் உரம் வரவில்லை, எலி வந்தது. எல்லாவற்றையும் "அனுபவம்" என்ற ஒரே சொல்லில் கழுவிவிடுவார். சோப்புச் சட்டியைக் கழுவியது அவள்.

அடுத்தது கோழிக்குஞ்சு. பண்ணையில் பெட்டைக் குஞ்சுகளைத் தனியே பிரித்து விலை கூட்டி வைத்திருந்தார்களாம். அதெல்லாம் ஏமாற்று வேலை, குஞ்சு என்றால் குஞ்சுதான் என்று, மலிவுக் கூடையிலிருந்து தன் கையைத் தேடி ஓடிவந்தவையாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பெரிய புத்திசாலி!

குஞ்சுக்குக் கதகதப்பு வேண்டும் என்று அவர் பிடித்த இடம் அவளுடைய தையல் அறை. நல்ல வெளிச்சமுள்ள ஜன்னல், துணி வெட்டும் நீள மேசை. பிள்ளைகளைப் படிக்க வைத்ததே அந்த அறைதான். இப்போது மேசையின் மேல் தவிடும் பல்பும். மெஷின் சமையலறைக்குப் போனது, அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே. ஒரு வாடிக்கைக்காரி தைத்த சட்டையை முகர்ந்து பார்த்தாள். வெங்காய வாசம். மறுபடி வரவே இல்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் போனார்கள்.

எப்போது அறையைத் தருவீர்கள் என்று கேட்டால் சிறகு முளைக்கட்டும் என்றார். முளைத்தது. இடம் மாற்றினால் மிரண்டு முட்டையிடாது என்றார். கடைசியில் வாக்குக் கொடுத்தார்:

"முதல் முட்டை வரட்டும். அன்னிக்கே ரூமைக் காலி பண்ணித் தர்றேன்."

அடுத்த வாரம் ஒன்று கூவியது. பிறகு இன்னொன்று. கொண்டை சிவந்து, வால் வளைந்து, விடிவதற்குள் அத்தனையும் சேர்ந்து தொண்டை கிழியக் கூவின. கண்ணுள்ள எவருக்கும் தெரியும், அத்தனையும் சேவல். அவள் சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கென்ன தெரியும்? பெட்டையும் சில நேரம் கூவும். வீடியோவிலயே சொல்லியிருக்கான்."

சேவல் முட்டையிட்டால்தான் அவளுக்கு அறை. இந்த மனிதரோடு மல்லுக்கட்ட இனி தெம்பில்லை. மறுநாள் காலை ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். கடை முத்திரையை ஈரத்துணியால் துடைத்தாள். கையில் வைத்துச் சூடேற்றி, தவிட்டுக்குள் புதைத்துவிட்டு வந்தாள்.

மனிதர் தலைகால் தெரியாமல் குதித்தார். ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்றைக்கே பறவைகள் பின்பக்கக் கூண்டுக்குப் போயின. அவள் அறையைத் தேய்த்துக் கழுவி, மெஷினை ஜன்னலோரம் போட்டாள். தினம் ஒரு முட்டையைத் துடைத்து வைப்பதுதான் அறைக்கு விலை. வைத்தாள்.

அவரால் சும்மா இருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை தெருவைக் கூட்டி, கையில் முட்டையோடு கூண்டின் முன் நின்று வகுப்பெடுத்தார். சேவல்கள் வகுப்பு முழுக்கக் கூவின. மேல்வீட்டு அக்கா கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

"சார், இதுல கோழி எது?"

யாரோ சிரித்தார்கள். அவர் கூண்டைப் பார்த்தார்; கையிலிருந்த முட்டையைப் பார்த்தார்; பிறகு திரும்பி ஜன்னல் வழியே அவளைப் பார்த்தார். அவள் மெஷினை நிறுத்தவில்லை. அறை போயிற்று என்றே நினைத்தாள். அவர் ஏதோ சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

காலையில் அவள் முட்டையை எடுக்கவே இல்லை. வேஷம் கலைந்த பிறகு எதற்கு? வெறும் கையோடு தீவனம் போடப் போனாள். கூண்டு மூலையில் ஒரு முட்டை இருந்தது.

எடுத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. மேலே கடை முத்திரை அப்படியே பளிச்சென்று தெரிந்தது. இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஜென்மம்! அவள் ஈரத்துணியால் முத்திரையைத் துடைத்தாள்; முட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தாள்.